ஈயம் வைத்த சட்டை

தையல்காரருக்குச் சந்தேகம் என்பது இரண்டாவது தொழில். மொத்தக் கடையில் பத்து மீட்டர் என்று அளந்து கொடுத்தால், வாசலிலேயே பிரித்து இன்னொரு தடவை அளப்பார். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, அந்தத் தேதியை அச்சடித்தவன் எந்த யோக்கியன் என்று கேட்பார். நடத்துநர் 'ஏறுங்க, அங்க போகும்' என்று சொன்ன பிறகும் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார மாட்டார். "உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்" என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். மகளின் முதுகெலும்பு வளைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அந்தச் சந்தேகம்தான். பள்ளிச் சீருடையைத் தைத்துப் போட்டுப் பார்த்தபோது பாவாடையின் ஒரு பக்க விளிம்பு அரை அங்குலம் தூக்கி நின்றது. இருபது வருடமாகக் கத்தரி பிடிக்கிற கை, வெட்டு தப்பாது. பிரித்துத் தைத்தார். மறுபடியும் அதே அரை அங்குலம். வேறு அப்பனாக இருந்தால் 'ஒழுங்கா நில்லு' என்று அதட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். இவர் துணியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். ஒரு தோள் இறங்கியிருந்தது. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு அவளை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

எலும்பு டாக்டர் விவரமாகத்தான் சொன்னார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. பாப்பாவுக்கு வளர்கிற வயது, அதனால் வளைவும் வளரப் பார்க்கும். அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக்கில் ஒரு கவசம் மாட்டிவிட்டு, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து வளைவு எத்தனை டிகிரி என்று அளந்துகொண்டே வர வேண்டும். கூடாமல் இருந்தால் கவசம் போதும். கூடிக்கொண்டே போனால் ஆபரேஷன்தான். இப்படி வளர்ச்சி நிற்கும்வரை, மூன்று வருடமோ நாலு வருடமோ.

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, பதிமூன்று வயது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. டாக்டர் சொன்னதில் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்ற வார்த்தைதான் நெஞ்சில் தங்கியது. அப்பாவுக்கு 'நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை' என்பது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு தடவை. வளர்கிற பெண்பிள்ளையின் உடம்புக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை கதிர் பாய்வதா? கேட்டதற்கு, எக்ஸ்ரே கொஞ்சம்கூடக் கெடுதல் இல்லை என்று தானும் சொல்லவில்லை, குழந்தைகளுக்கு எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துத்தான் எடுக்கிறார்கள், எடுக்காமல் விட்டால் அதைவிடக் கெடுதல் என்றார் டாக்டர். அவர் 'கொஞ்சம்கூட இல்லை என்று சொல்லவில்லை' என்றதை மட்டும் தையல்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து ஒன்றே ஒன்றுதான் அவர் குறி. எது குறைந்தாலும் குறையட்டும், தேவைக்கு மேல் ஒரு துளி கதிர்கூடப் பாப்பா மேல் படக் கூடாது.

முதல் படத்தைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் எடுத்தார்கள். அங்கிருந்த பெரியவர் கதிரைத் தடுக்கிற கனமான ஈயத் துணியை எடுத்துப் பாப்பாவின் இடுப்பில் கட்டிவிட்டார். தையல்காரருக்குத் திருப்தி. ஆனால் அந்தப் படம் போதாது, முதுகு முழுவதும் ஒரே படத்தில் வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். 'மூச்ச இழு, அடக்கு, விடு' என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை இதையே சொல்லிக்கொண்டிருப்பதால் பாப்பா அவளுக்கு 'மூச்சக்கா' என்று பெயர் வைத்துவிட்டாள். மூச்சக்கா ஈயத் துணி கட்டவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்ததைத் தையல்காரர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அத பாப்பாவுக்குக் கட்டலையா?"

"இப்பல்லாம் கட்டறதில்ல சார். நல்லதவிடக் கெடுதல்தான் அதிகம்னு விதியவே மாத்திட்டாங்க."

அவள் அதோடு நிறுத்தவில்லை. அது குறுக்கே வந்தால் பார்க்க வேண்டிய எலும்பு மறையும், மெஷின் ஏமாந்துபோகும் என்று என்னவோ விளக்கினாள். அதற்குள் சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வர, மீதியை நடந்துகொண்டே சொன்னாள். தையல்காரர் காது 'கட்டறதில்ல' என்பதோடு அடைத்துக்கொண்டது. விதி எப்போது மாறும் என்று அவருக்குத் தெரியாதா? கட்டிவிட ஆள் சோம்பல்பட்டால் மாறும்.

அப்படியானால் நீ மட்டும் ஏன் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கண்ணாடி வழியாகப் பார்க்கிறாய் என்று கேட்டார். "உங்க பொண்ணு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ நிக்கிறா. நான் தெனம் அம்பது தடவ நிக்கணும் சார்" என்றாள் அவள். பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பதிலைத் தயாராக வைத்திருக்கிறவர்களை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை.

கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை எரிந்தது. ஒரு படம்தான் எடுத்தேன், முதல் தடவை எரிந்தது மெஷின் தயாரானதற்கு என்றாள். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மகளைத் துருவித் துருவிக் கேட்டார். உள்ளே எவ்வளவு நேரம் நின்றாய், யார் யார் இருந்தார்கள், என்ன சத்தம் கேட்டது, எத்தனை தடவை மூச்சை அடக்கச் சொன்னாள். பாப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. சந்தேகப் பிராணிகளின் கோளாறே இதுதான். ஊரில் உள்ள கேள்வியெல்லாம் கேட்பார்கள், கேட்க வேண்டிய ஒன்றை விட்டுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி அங்கி பாப்பாவுக்குப் பெரிதாக இருந்தது, முதுகுப் பக்கம் திறந்துகொண்டது. அவள் கூசிப்போனதைப் பார்த்து, பித்தான், கொக்கி, ஜிப், அச்சுப் படம் எதுவும் இல்லாத சாதாரணப் பருத்திச் சட்டை இருந்தால் அதையே போட்டுக்கொண்டு வரலாம் என்று மூச்சக்காதான் சொல்லியிருந்தாள். அடுத்த முறைக்கு அவரே ஒன்று தைத்துக் கொடுத்தார். வேலை அழகாக இருக்கிறதே, யார் தைத்தது என்று மூச்சக்கா விசாரித்தாள். இவள் ஏன் நமக்கு ஐஸ் வைக்கிறாள் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

அதற்கடுத்த படத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, கடைக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஜன்னல் திரைகள் தைக்க வந்தன. திரை காற்றில் பறக்காமல் தொங்குவதற்காக அடிமடிப்புக்குள் சின்னச் சின்ன ஈய வில்லைகள் வைத்துத் தைப்பது வழக்கம். ஒரு டப்பா நிறைய அவர் மேஜை மேலேயே இருந்தன. மத்தியானம் சாப்பாட்டுக்காகக் கடைக்கதவைப் பாதி இறக்கியவர், சாப்பிடாமல் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் கட்டாவிட்டால் போங்கள், என் பிள்ளைக்கு நான் கட்டிக்கொள்கிறேன்.

வில்லைகளைச் சுத்தியலால் தட்டி அகலமாக்கினார். பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு பை தைத்து உள்ளே இறக்கினார். பைக்கும் பைக்கும் இடையில் சரியாக அரை அங்குலம். நெஞ்சுக்கு இரண்டு வரிசை, அடிவயிற்றுக்கு இரண்டு வரிசை. எல்லாம் முன்பக்கத்தில்தான். பின்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. படம் எடுக்கப்போவது முதுகை, அது மறையக் கூடாதல்லவா? படத்துக்கும் பங்கமில்லை, பிள்ளைக்கும் பாதுகாப்பு. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடித் தைத்ததும், தொட்டுப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. பாப்பாவிடம் மறைக்க முடியவில்லை. போட்டதுமே "என்னப்பா, கல்லு கட்டின மாதிரி இருக்கு" என்றாள். விஷயத்தைச் சொன்னார். அவள் முகத்தில் கலவரம்.

"அக்கா கேட்டா?"

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லு. உன் நல்லதுக்குத்தான பாப்பா."

அன்றைக்கு எக்ஸ்ரே அறை வாசலில் கூட்டம். கையில் கட்டுப் போட்ட ஒருவர், இருமிக்கொண்டே ஒரு அம்மா, மடியில் தூங்கும் குழந்தையோடு இன்னொருத்தி. மூச்சக்கா பாப்பாவின் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டாள். செயின், ஊக்கு, கொக்கி, இரும்பு மாதிரி எதாவது இருக்கிறதா? "ஒண்ணும் இல்லக்கா" என்றாள் பாப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. தையல்காரர் மின்விசிறியைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது.

'மூச்ச இழு' கேட்டது. 'அடக்கு' கேட்டது. எப்போதும் அதன் வால்பிடித்தே 'விடு' வந்துவிடும். இந்த முறை வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நொடிதான் இருக்கும், அவருக்கு அது போதாதா? உள்ளே மெஷின் 'கீ' என்று ஒரு புதுச் சத்தம் போட்டது. பிறகுதான் 'விடு' வந்தது, அதுவும் குரல் மாறி. படம் பதிகிற பலகையைத் துணி வைத்துத் துடைக்கிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு மூச்சக்கா வெளியே வந்தாள்.

"சார், படம் சரியா வரல. இன்னொண்ணு எடுக்க வேண்டியிருக்கும். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

எத்தனை மாதமாக இதற்குக் காத்திருந்தார்! கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம், சொன்னால் வெட்கக்கேடு, அந்த நேரத்தில் கோபத்தைவிட அதுதான் அதிகமாக இருந்தது. எனக்கு அப்போதே தெரியும் என்று ஆரம்பித்தார். வேலை தெரியாமல் கெடுப்பது நீங்கள், கதிரை வாங்கிக்கொள்வது என் பிள்ளையா, விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று நான் பார்த்தேன், ஈயத் துணி கட்டு என்று அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா என்று விளாசித் தள்ளினார். கைக்கட்டுக்காரர் "கேளுங்க சார், விடாதீங்க" என்று எடுத்துக்கொடுத்தார். இருமிக்கொண்டிருந்த அம்மாகூட இருமலை நிறுத்தித் தலையாட்டினாள். கூட்டம் தன் பக்கம் என்றதும் அவர் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

மூச்சக்கா அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

விலா எலும்புகள் தெரிந்தன. நடுவில் அந்த வளைந்த முதுகெலும்பு. அதன்மேல் வெள்ளை வெளேரென்று வட்டம் வட்டமாக, மேலே இரண்டு வரிசை, கீழே இரண்டு வரிசை. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி. ஒன்றுகூடக் கோணவில்லை. உலகத்தில் எங்கே வைத்துப் பார்த்தாலும் தன் வேலையை அவருக்குத் தெரியும்.

பாப்பா சுவரோரமாக நின்றிருந்தாள். இது என்ன என்று மூச்சக்கா அவளிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். "அது டிசைன்பா. நான்தான் வச்சுத் தச்சுக்கிட்டேன், அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத பெண்.

"நான்தாம்மா தச்சேன்" என்றார் தையல்காரர். வெளியே கேட்ட குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "முன்னால கதிர் படாம இருக்கட்டும்னு…"

மூச்சக்கா அவரை உட்காரச் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்; திட்டியிருந்தால் தேவலாம்.

"கதிர் முன்னாலேர்ந்து வரல சார். இந்தப் பலகைல நெஞ்ச ஒட்டி வச்சுத்தான் பாப்பாவ நிக்க வைப்பேன். கதிர் முதுகுப் பக்கமா வரும். பொண்ணு வளர்ற வயசு, நெஞ்சுல குறைச்சலா படணும்னுதான் அப்படித் திருப்பி நிக்க வைக்கறதே."

"அப்ப அந்த ஈயம்…"

"உடம்பு பூரா நுழைஞ்சு வெளிய வந்த பெறகுதான் அதுல மோதுச்சு. பாப்பாவுக்கு ஒண்ணையும் தடுக்கல. பலகைக்கு வரவேண்டியதத் தடுத்துச்சு. பலகைக்குப் பத்தலேன்னு மெஷின் தானா கூட்டிக்கிட்டே போய், எல்லை வந்ததும்தான் நின்னுச்சு. வழக்கமா படறதப்போல மூணு மடங்கு."

மூன்று மடங்கு. அவர் அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இதனால் பாப்பாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் பட்டது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அன்றைக்கு ஈயத் துணி கேட்டபோது அவள் நடந்துகொண்டே சொன்ன மீதி இதுதான் என்று அவருக்கு இப்போது புரிந்தது. அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மூச்சக்கா எலும்பு டாக்டருக்கு போன் போட்டாள். இருக்கிற படத்தை வைத்தே சமாளிக்க முடியுமா என்று அவளும்தான் கேட்டாள். அளக்க வேண்டிய இரண்டு எலும்புகள் சரியாக வட்டங்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. கவசத்தை மாற்றுவதா வேண்டாமா என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும், எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

"எடுக்கட்டுமா சார்?"

தேவைக்கு மேல் ஒரு துளி படக் கூடாது என்று காவல் நின்றவர், "எடுங்க" என்று தன் வாயால் சொன்னார். வெளியே வந்ததும் கைக்கட்டுக்காரர் என்ன ஆச்சு சார், ஒத்துக்கிட்டாங்களா என்று ஆவலோடு கேட்டார். தையல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஆஸ்பத்திரி அங்கியில் பாப்பாவை நிற்க வைத்து எடுத்த இரண்டாவது படம் கண்ணாடி மாதிரி வந்தது. வளைவு கூடவில்லை, கவசம் தன் வேலையைச் செய்கிறது என்றார் டாக்டர். நல்ல செய்தி. ஒரே படத்தில் கிடைத்திருக்க வேண்டிய நல்ல செய்தி. வீடு வரும்வரை அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி விஷயம் தெரிந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். பாப்பா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எப்போதும்போல வாயடித்தாள், சிரித்தாள், கவசத்தோடு மல்லுக்கட்டினாள். பிள்ளை மறந்துவிட்டாள் என்று தையல்காரர் நம்பினார். வாழ்க்கையில் அவர் தோண்டித் துருவாமல் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

நாலரை மாதம் கழித்து மறுபடியும் போனார்கள். மூச்சக்கா விடுப்பில் இருந்தாள். வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இருந்தாள். பாப்பா அங்கிக்கு மாறி உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. புதியவள் கணினியில் பாப்பாவின் பெயரைத் தட்டினாள், எதையோ படித்தாள், முகம் மாறியது. அன்றைக்கு நடந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தையல்காரருக்குத் தெரியும். சோதித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருப்பதும் தெரியும். எழுதிய மூச்சக்காவே அதை அவரிடம் சொல்லியிருந்தாள். நியாயமான வரி. அவராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்.

உள்ளே எதாவது வைத்திருக்கிறாயா என்று புதியவள் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் பாப்பா. உண்மையாகவே ஒன்றும் இல்லை. புதியவள் என்ன சொல்வது என்று தெரியாமல் சங்கடத்தோடு அருகில் வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பாப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"பாத்துக்கங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, எனக்குத் தெரியும்."

அந்தப் பெண்ணின் கைகள் அங்கியின் மடிப்புகளைத் தடவிக்கொண்டு மேலிருந்து கீழே போயின. பாப்பா கையை இறக்கவே இல்லை, கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. தையல்காரருக்கு உள்ளே போய், என் மகள் பொய் சொல்ல மாட்டாள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியில்லாத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இல்லை. அவர் கதவை மெல்ல இழுத்துச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.